கடைசி வண்டிக்கு முந்தின வண்டி

பல் டாக்டர் தேடுவதை நிறுத்திவிட்டான். வாலுவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அக்கா ஒற்றைப் பையோடு அவன் வீட்டை விட்டு வெளியேறிய புதிதில் அவன் தினமும் வந்தான். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கினான். அவளுக்கு மனசு சரியில்லை மாமா, தனியாக எங்கே போய் நிற்கிறாளோ என்று விம்மினான். தண்ணீர் குடித்த டம்ளரைத் தானே எடுத்துப்போய், கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினான். பிறகு திடீரென்று வரவில்லை. போன் இல்லை. தெருமுனையில் அவனுடைய கார் இல்லை.

ஊரே அவனை அவர், இவர் என்றுதான் சொல்லும். கைராசிக்கார டாக்டர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷர். அக்காவின் தோள்பட்டையைப் பார்த்த நாளிலிருந்து வாலு மட்டும் மனசுக்குள் அவன் என்றாள்.

முன்பெல்லாம் அக்கா அழுதுகொண்டு வரும்போது, அப்பா சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த முறை வாலு அவரைக் கேட்கவே இல்லை. நேராக, எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிற தையல்கடைக்காரியிடம் கூட்டிப்போனாள். கேப்டன் அன்றைக்கே அக்காவை ‘அந்த வீட்டில்’ சேர்த்துவிட்டாள்.

புருஷனிடம் அடி தாங்காமல் வந்த பெண்கள் தங்குகிற வீடு அது. அதைப் பார்த்துக்கொள்வது ஒரு நர்ஸம்மா. வாசலில் பலகை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட அது ஏதோ நர்ஸ்கள் தங்கும் விடுதி என்றுதான் எண்ணம். எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கும் சொல்லவில்லை. பெண் வெளியூரில் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்காகத்தான் இன்றைய பைக் ஊர்வலம்.

மைதானத்தில் விடிந்தும் விடியாமலும் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. எல்லோர் மேலும் ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத கோட்டு. கேப்டன் தன் தையல் கடையில் ராத்திரி பகலாக உட்கார்ந்து தைத்தவை. முதுகில் ‘அடி விழாத வீடு’ என்று வெள்ளை எழுத்து.

கேப்டன் பெட்டி மேல் ஏறி நின்று விதிமுறைகளைச் சொன்னாள். முதல் வண்டி தன்னுடையது, அதை யாரும் முந்தக் கூடாது. கடைசி வண்டி வாலுவுடையது, அதற்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. யாராவது நின்றால் கடைசி வண்டியும் கூட நிற்கும்.

“முன்னாடி போறவங்க கை என்ன காட்டுதோ, அதையே நீங்களும் காட்டணும். ஏன் எதுக்குன்னு நடுரோட்டுல யோசிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடி யோசிச்சா போதும்.”

பெண்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆண்களில் சிலர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

கடைசி வண்டி என்பது வாலு விரும்பிக் கேட்டு வாங்கிய வேலை. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். பின்தங்குகிறவர்களோடு நகர்வதில் சலிப்பு வராது. பெட்ரோல் கேனும் தண்ணீர்ப் பாட்டிலும் ஏற்றிய வேனில் உட்கார்ந்திருந்த அப்பா, பிறந்ததிலிருந்து வாலுதானே, இப்போதுதான் உத்தியோகமாகியிருக்கிறது என்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்று தெரிந்ததும், கூப்பிடாமலே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். என்ன நினைத்து வந்தார் என்று வாலு கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வருஷா வருஷம் இந்த ஊர்வலத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் நடக்கிற காரியம் ஒன்று உண்டு.

அந்த வீடு இருக்கும் தெரு, மெயின்ரோட்டிலிருந்து பிரிகிறது. மாடி ஜன்னல் ரோட்டைப் பார்த்தபடி இருக்கும். தெருமுனை வரும்போது கேப்டன் வேகத்தைக் குறைத்து இடது கையை ஒருமுறை உயர்த்துவாள். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக உயர்த்துவார்கள். யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். திரைக்குப் பின்னால் நிற்கிற பெண்களுக்கு மட்டும் தெரியும், அந்தக் கைகளெல்லாம் தங்களுக்காக என்று. புதிதாக வருகிறவர்கள், முன்னால் போகிறவரைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா கேப்டனின் போனுக்குக் கூப்பிட்டு வாலுவிடம் பேசியபோது இதைத்தான் கேட்டாள்.

“எல்லாரும் ஹெல்மெட்ல ஒரே மாதிரி இருப்பீங்களேடி. உன்னை எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“கடைசி பைக் நான்தான். எனக்குப் பின்னால வேன் மட்டும்தான் வரும்.”

“திரையை விலக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. உனக்கு மட்டும் லேசா விலக்கிக் கை காட்டவா?”

கூடாது என்று சொல்லத்தான் வாலு வாயெடுத்தாள். ஆனால் அக்கா சிரித்தபடி பேசிக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

வண்டிகள் கிளம்பின.

வாலுவுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற பைக், ஆரம்பத்திலிருந்தே தயங்கித் தயங்கிப் போனது. பழைய வண்டி. முகம் முழுக்க மூடிய ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. திருப்பங்களில் காலை ஊன்றுகிறான், மேட்டில் கியரைத் தப்பாக மாற்றுகிறான். எல்லோரும் அவனை முந்திக்கொண்டு போக, கடைசிக்கு முந்தின இடத்தில் வந்து நின்றுவிட்டான்.

வாலு பக்கத்தில் போய்த் தைரியம் சொன்னாள். அவசரமில்லை சார், மெதுவாகவே போங்கள், நான் பின்னால்தான் இருக்கிறேன் என்றாள். அவன் பேசவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பாவம், யாரோ கூச்சப் பேர்வழி என்று நினைத்துக்கொண்டாள். ரோட்டில் ஒரு குழியைக் காட்டி, அவன் அதைத் தாண்டியதும் சபாஷ் என்று கத்தினாள்.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் எல்லோரும் நின்றார்கள். டீ கொடுத்தார்கள். அப்பா வேன் கதவைத் திறந்து தண்ணீர்ப் பாட்டில்களை நீட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் பைக்காரன் ஒன்றை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் முதுகு காட்டி நின்று, கண்ணாடியைச் சற்றே தூக்கிக் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் கேப்டன் விசில் ஊத, முன்வரிசை வண்டிகள் நகர ஆரம்பித்தன. அப்போதுதான், சின்னப் பெண் ஒருத்தி ஸ்டாண்டைத் தள்ளும்போது விரலை நசுக்கிக்கொண்டு ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சாம்பல் பைக்காரன் குனிந்தான். அவள் விரலைப் பிடித்து, மெல்ல அசைத்துப் பார்த்தான்.

“ஒண்ணுமில்ல. வலிக்காது.”

டீக் கப்பை வைக்கப் போன வாலுவின் கை பாதியில் நின்றது.

அந்தக் குரல். தலையணையில் கை வைத்த மாதிரி மெத்தென்று இருக்கும் குரல். க்ளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அதைக் கேட்டதும் வாயைத் திறந்துவிடுவார்கள். வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, அக்காவிடமும் அவன் முதலில் வலிக்காது என்றுதான் சொல்வானாம். தோளைக் காட்டிய அன்றைக்கு அக்கா சொன்னாள்.

அவன் நிமிர்ந்தான். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்தான். அதை நாலாக மடித்து மறுபடியும் உள்ளே வைத்தான். கறுப்புக் கண்ணாடி வாலுவின் பக்கம் திரும்பியது. உள்ளே கண்கள் எங்கே பார்க்கின்றன என்று தெரியவில்லை.

வாலு முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தாள். முடிந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கிளம்பலாமா சார் என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

தயங்கித் தயங்கி ஓட்டியதெல்லாம் நடிப்பு. முன்னால் போகிற அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே வர அதைவிட வசதியான இடம் இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே திரும்புகிறார்கள், எந்தத் தெருவைப் பார்க்கிறார்கள். அவள்தான் பின்னால் காவல் நின்று, மெதுவாகப் போங்கள் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள்.

கேப்டனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேப்டனின் போன் டேங்க் மேலே இருக்கும் பைக்குள் கிடக்கும். வண்டி ஓடும்போது எடுக்கவே மாட்டாள். அந்த வீட்டின் நம்பரோ கேப்டனிடம் மட்டும்தான் உண்டு.

அப்பாவிடம் சொல்லலாமா? அவர் வேன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். சற்றுமுன் தண்ணீர் கொடுக்கும்போது அவனோடு ஏதோ பேசியதுபோல் இருந்ததே? மாப்பிள்ளை தெரியாமல் பண்ணிவிட்டார், வாழ வேண்டிய வயசு என்று சொல்கிற மனுஷர். பெற்ற அப்பாவைச் சந்தேகப்படுகிறோமே என்று ஒருபக்கம். சந்தேகப்படாமல் இருந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம்.

அங்கேயே கத்தியிருக்கலாம். ஆனால் கத்தினால் அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் புன்னகை செய்வான். நானும் நல்ல காரியத்துக்குத்தான் வந்தேன், ஏன் வரக் கூடாதா என்பான். நாலு பேர் அவனுக்காகப் பேசுவார்கள். அதற்குள் கேப்டன் அந்தத் தெருமுனைக்குப் போய்க் கையைத் தூக்கியிருப்பாள்.

ஊர்வலத்தில் சேதி முன்னாலிருந்து பின்னால்தான் போகும். பின்னாலிருந்து முன்னால் அனுப்ப வழியே கிடையாது. கடைசி வண்டிக்காரி ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அவளே போக வேண்டும்.

வாலு ஆக்ஸிலேட்டரைத் திருகினாள்.

சாம்பல் பைக்கை வலது பக்கமாகத் தாண்டினாள். தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன்னால் போனவர்கள் ஹாரன் அடித்தார்கள். கடைசி வண்டி ஏன் முந்துகிறது என்று ஒருவர் கையை விரித்துக் கேட்டார். ஒரு லாரிக்கும் நடுச் சுவருக்கும் இடையில் நுழைந்தபோது கண்ணாடி உரசித் திரும்பிக்கொண்டது. பயம் கையில் இறங்கி, பிரேக்கைப் பிடிக்கச் சொன்னது. பிடிக்கவில்லை.

கேப்டனின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அச்சகத்தின் நீளச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு அடுத்த தெருதான்.

“கையைத் தூக்காதீங்க. அவன் நம்மகூட வர்றான்.”

“எவன்?”

“அக்கா வீட்டுக்காரன். ஹெல்மெட் போட்டுட்டு, காலையிலேர்ந்து.”

கேப்டன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள்கள் மட்டும் இறுகின.

“எந்த வண்டி?”

“சாம்பல் கலர். கடைசிக்கு முந்தினது.”

“நீ இங்க இருக்க,” என்றாள் கேப்டன். “இப்ப அதுதான் கடைசி.”

வாலுவுக்குக் காது அடைத்தது.

கடைசி பைக் நான்தான். அக்காவிடம் அவள்தான் சொன்னாள். அவள் வாயால்தான் சொன்னாள்.

அதற்குள் கேப்டன் ஒரு காரியம் செய்தாள். அச்சகத்து முனை வந்ததும் வேகத்தைக் குறைத்து, இடது கையை நன்றாக உயர்த்தினாள். பூட்டிக் கிடக்கும் அச்சகத்தைப் பார்த்து. பின்னால் வந்தவர்களும் உயர்த்தினார்கள். பழைய ஆட்கள் குழம்பினார்கள். ஆனாலும் முன்னால் போகிற கையைப் பின்பற்றித்தானே பழக்கம். வரிசை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் எழுந்து இறங்கின. வாலு கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். வெகுதூரத்தில் சாம்பல் பைக் அச்சகத்தின் முன்னால் ஏறக்குறைய நின்றேவிட்டது. கறுப்பு ஹெல்மெட் அந்தச் சுவரை மேலும் கீழும் பார்த்தது.

ஏமாந்துவிட்டான். ஒரு நிமிஷம் வாலுவுக்கு மூச்சு வந்தது.

கேப்டன் அடுத்த தெருவைக் கை தூக்காமல் கடந்தாள். பின்னால் யாரும் தூக்கவில்லை. வாலு வண்டியை இடது ஓரமாக ஒதுக்கினாள். எல்லோரையும் முன்னால் போகவிட்டு மறுபடியும் தன் இடத்துக்கு, அவனுக்குப் பின்னால், போய்விட வேண்டும். ஒவ்வொரு வண்டியாக அவளைத் தாண்டிப் போனது. போங்க, போங்க என்று கையை வீசினாள். திரும்பிப் பின்னால் ஓட்ட வழியில்லை; ரோடு முழுக்க ஆரஞ்சு.

மாடி ஜன்னல் அவள் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. வெளிர்ப்பச்சைத் திரை அசையாமல் தொங்கியது. அக்கா, வேண்டாம். வராதே. ஒரு கையும் எழவில்லையே, ஏதோ சரியில்லை என்று உனக்குத் தோன்ற வேண்டாமா?

அக்காவுக்குத் தோன்றியிருக்கும். அதனால்தான் கடைசி வண்டிக்காகக் காத்திருந்தாள் போலிருக்கிறது. தங்கை நல்லபடியாக வருகிறாளா என்று பார்க்க.

சாம்பல் பைக் தெருமுனைக்கு வந்தது. பின்னால் வேன் வந்தது.

திரை விலகியது. ஒரு கை வெளியே வந்தது. பிறகு முகம்.

அக்கா கையை ஆட்டினாள். சின்ன வயசில் ஸ்கூல் பஸ்ஸுக்குள் இருக்கும் தங்கைக்கு ஆட்டுவதுபோல, விரல்களை மட்டும் மடக்கி மடக்கி.

பைக் நின்றது. ஹெல்மெட் நிமிர்ந்தது. பிறகு அவன் இடது கையை, நிதானமாக, தலைக்கு மேல் உயர்த்தினான்.

அக்கா இன்னும் வேகமாக ஆட்டினாள். திரை மூடிக்கொண்டது.

அவன் கிளம்பினான். இப்போது கியர் தப்பவில்லை. வாலுவைத் தாண்டும்போது, வழிவிட்டதற்கு நன்றி சொல்வதுபோல் லேசாகத் தலையைச் சாய்த்தான். வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. அவரும் மாடி ஜன்னலைப் பார்த்திருந்தார். வெளியூரில் இருக்கிறாள் என்று நினைத்த பெண்ணை.

கேப்டனைத் தவிர யாருக்கும் அந்தக் கதவு திறக்காது என்பதால், அவளிடம் சொல்ல வாலுவும் பின்னாலேயே ஓட்டினாள். ஊர்வலம் முடிகிற மைதானத்தில் மைக் அலறிக்கொண்டிருந்தது. ஆட்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ வாலுவின் கையைக் குலுக்கினார்கள். அவள் கூட்டத்துக்குள் கேப்டனைத் தேடினாள். மேடையில் நிறுத்திவைத்து மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா ஓட்டறியே வாலு. எனக்குத் தெரியவே தெரியாது.”

பின்னால் நின்றான். ஹெல்மெட் கக்கத்தில். வியர்க்கக்கூட இல்லை. தலையை வாரியிருந்தான். பக்கத்தில் அப்பா, வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நீங்களா மாப்பிள்ளை, எனக்குத் தெரியாமல் போச்சே என்று மட்டும் முனகினார்.

“பரவாயில்ல மாமா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் சொல்லலை.” அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான். பிறகு வாலுவிடம் தணிந்த குரலில் சொன்னான். “அவ கொஞ்சம் இளைச்சிருக்கா. அங்க சாப்பாடு சரியில்ல போல.”

போலீஸுக்குச் சொல்லுவேன் என்று சொல்ல நினைத்தாள் வாலு. அவன் அதையும் கேட்டுத் தலையாட்டி, சொல்லும்மா, தாராளமா சொல்லு என்பான். அவன் கைக்குட்டையால் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்தான். கூட்டத்துக்குள் நடந்து போனான். வழிவிட்ட பெண்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே போனான்.

வாலு ஓடினாள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடையேறி, மாலையோடு நின்ற கேப்டனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் பார்த்துவிட்டான் என்றாள். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேப்டன் மாலையைக் கழற்றி மைக்காரர் கையில் திணித்தாள்.

வண்டிகள் நின்ற இடத்துக்கு வந்தார்கள். சாம்பல் பைக் இல்லை. வேனும் இல்லை. அப்பாவைக் காணோம்.

கேப்டன் அந்த வீட்டின் நம்பரை அழுத்திப் போனை வாலுவின் காதில் வைத்துவிட்டு, பைக்கைக் கிளப்பினாள். வாலு பின்னால் ஏறிக்கொண்டாள். மூன்றாவது மணியில் எடுத்தது அக்காவே.

“பாத்தேன்டி உன்னை. நீ நின்னு கை காட்டினியே, இங்க எல்லாரும் ஒரே அழுகை. என்ன, யாருமே கை தூக்கலை, நான் பயந்தே போயிட்டேன். உன்னைப் பாத்ததும்தான்...”

“அக்கா. நர்ஸம்மா எங்க?”

“கீழ. பெல் அடிச்சுதே, திறக்கப் போயிருக்காங்க. ஊர்வலம் முடிஞ்சதும் கேப்டன் வருவாங்களாமே, வழக்கமா.”

“கேப்டன் என்கூட இருக்காங்க. கத்து. கதவைத் திறக்க வேண்டாம்னு கத்து.”

அக்கா எதுவும் கேட்கவில்லை. போனை நகர்த்தாமலே கத்தினாள். வாலுவின் காது கிழிந்தது. கீழே ஏதோ உருண்டது. பிறகு நர்ஸம்மாவின் குரல், தாழ்ப்பாளை எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று. மறுபடியும் பெல் அடித்தது. சுருக்கமாக, மரியாதையாக.

காற்றில் கேப்டனின் பைக் அலறியது. வாலு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அப்ப நான் கை காட்டினது யாருக்குடி?” என்றாள் அக்கா. குரல் சுருங்கியிருந்தது.



திரையின் வளையங்கள் கம்பியில் நகரும் சத்தம் கேட்டது. அக்கா வெளியே பார்க்கிறாள். வாசல்ல நிக்கறார் என்று கிசுகிசுத்தாள். நிமிர்ந்து என்னைத்தான் பார்க்கறார். சிரிக்கிறார்.

திடீரென்று ஒரு எஞ்சின் இரைச்சல். பிரேக் கிறீச்சிட்டது.

“ஒரு வேன் வந்து நிக்குது. வாசலை அடைச்சுக்கிட்டு. அப்பா. நம்ம அப்பாடி.”

“என்ன பண்றார்?”

“இறங்கிட்டார். அவரைத் தாண்டி வந்து... கதவுப் படியில உக்காந்துட்டார்.”

மாப்பிள்ளை நிற்கும்போது அப்பா உட்கார்ந்து வாலு பார்த்ததே இல்லை. வெயிலானாலும், முட்டி வலியானாலும், எழுந்து ஓரமாக நின்றுவிடுவார்.

“அவர் எந்திரிக்கச் சொல்றார்டி. குனிஞ்சு மெதுவா சொல்றார். அப்பா தலையை ஆட்டறார். மாட்டேங்கறார். தோள்ல கை வைக்கறார். அப்பா எந்திரிக்க மாட்டேங்கறார்.”

இன்னும் ரெண்டு நிமிஷம், அங்கேயே இரு, கதவு திறக்கக் கூடாது, போலீஸுக்கும் சொல்லிவிடு என்று வாலு காற்றை மீறிக் கத்தினாள். கேப்டன் சிக்னலைப் பார்க்காமல் தாண்டினாள்.

போனுக்குள் வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியை அடக்கி அடக்கியும் முடியாமல் வெளிப்பட்ட அப்பாவின் குரல்.

அக்கா ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

“அக்கா, எங்க போற? அக்கா.”

“அப்பா தனியா இருக்கார்டி.”

போனை மேஜை மேல் வைத்தது கேட்டது. அதற்குப் பிறகு வாலு எத்தனை முறை கூப்பிட்டும் பதிலில்லை. மாடிப்படியில் செருப்பில்லாத கால்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக.